காளான் சைவமா, அசைவமா?

நமது சங்க விருந்துகளில் காளான் பிரியாணி பரிமாறப்படும் போதெல்லாம், "இது சைவம்தானா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. வேடிக்கைக்காகக் கேட்டாலும் நல்ல கேள்வி. இரயில் பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் உயிரியல் படித்தவன் அல்லன். ஆனால் மரக்கட்டைகளைத் தின்னும் பூஞ்சையோடு பல்லாண்டுகள் போராடியவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

காளான் செடியும் அல்ல, விலங்கும் அல்ல. அதற்குப் பச்சையம் கிடையாது. ஆகவே தன் உணவைத் தானே தயாரிக்க இயலாது. அதன் செல் சுவரில் இருப்பது கைட்டின். இறால் ஓட்டிலும் பூச்சிகளின் மேலோட்டிலும் இருக்கும் அதே பொருள்! 1969-இல் விட்டேக்கர் என்ற அமெரிக்க அறிஞர், உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி உலகமே கொடுத்தார்.

நாம் உண்டபின் செரிக்கிறோம். பூஞ்சையோ செரித்தபின் உண்கிறது! நொதிகளை வெளியே சுரந்து, உணவைக் கரைத்து, பிறகு உறிஞ்சிக் கொள்கிறது.

பூஞ்சையின் உடல் என்பது நூலினும் மெல்லிய இழைகளின் வலை. குடை போல் நாம் காணும் காளான் வெறும் கனிதான்; மரம் முழுவதும் மண்ணுக்குள் இருக்க, மாம்பழம் மட்டும் வெளியே தெரிவது போல. அந்நாளில் தண்டவாளத்தைத் தாங்கிய மர ஸ்லீப்பர்களை நாங்கள் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். வெளியே திடமாகத் தெரியும் கட்டை, தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். உள்ளே இழைகள் புகுந்து மரத்தை உளுக்க வைத்திருக்கும். இதைத் தடுக்கவே கட்டைகளுக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றினார்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு வேலை இல்லை. ஈரம்தான் அதன் உயிர்நாடி.

இனப்பெருக்கம் எப்படி? ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகும். ரொட்டியில் வளரும் ரைசோபஸ், குண்டூசித் தலை போன்ற கரும் பைகளில் ஸ்போர் எனும் நுண்வித்துகளை நிரப்பிக் காற்றில் விடும். ஒத்த இரு இழைகள் இணைந்து வித்து உண்டாக்கும் பாலினப் பெருக்கமும் உண்டு. காளான் குடையின் அடியிலுள்ள மடிப்புகள் வித்து உண்டாகும் இடம். குழந்தைகள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்: கடையில் வாங்கிய, நன்கு விரிந்த காளானின் குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் இரவு முழுதும் மூடி வையுங்கள். காலையில் தாளில் பழுப்புப் பொடியால் ஒரு கோலம் இருக்கும். அவ்வளவும் வித்துகள்!

இல்லத்தரசிகளின் நோக்கில் பூஞ்சைகளை மூவகையாகக் கொள்ளலாம்: ஈஸ்ட், பூசணம், காளான். ரொட்டியை உப்ப வைப்பது ஈஸ்ட். (இட்லி மாவு பொங்குவதற்கு முக்கியக் காரணம் பாக்டீரியாக்களே; ஈஸ்ட் உடன் துணை செய்வதுண்டு.) 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டதும் ஒரு பூசணத்திலிருந்துதான்.

அதே பூசணம் எமனாகவும் மாறும். 1974-இல் இராஜஸ்தான், குஜராத் எல்லையோரக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு மாண்டனர். அஸ்பெர்ஜில்லஸ் பூசணம் சுரக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சே காரணம். வேர்க்கடலையிலும் இது வரும். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முழுதாக அழிவதில்லை.

மும்பையின் மழைக்காலம் நான்கு மாதம். ஆகவே சில சொற்கள்: ரொட்டியில் பூசணம் பட்ட இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை உண்ணாதீர்கள், இழைகள் உள்ளே ஓடியிருக்கும். பூத்த, சுருங்கிய, கசக்கும் கடலையைத் தயங்காமல் எறியுங்கள். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி கூடாது. மழைக்குப் பின் புறம்போக்கில் முளைக்கும் காளானைப் பறித்துச் சமைக்காதீர்கள். சில நச்சுக் காளான்களின் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது.

சைவமா என்ற கேள்விக்கு விஞ்ஞானத்தின் விடை, "இரண்டும் இல்லை" என்பதே. உண்பதும் விடுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் பூசணம் பூத்ததை உண்ணலாமா என்பதில் மட்டும் இரு கருத்துக்கு இடமில்லை.