பங்குக் கிணறும் பொதுக் கொப்பியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பங்குக் கிணற்றில் இறைத்துத் தோட்டம் செய்தவர்களுக்கு ‘முறை’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. இன்று எங்கள் முறை, நாளை அயலவர் முறை. துலா மிதித்த காலத்திலும், நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும் இந்த ஒழுங்கு நிலைத்தது. தேவைக்கு மேல் இறைத்தவர் மற்றவரின் பயிரை வாட்டினார். கிணற்றினுள் குப்பை போட்டவர் தமது நீரையும் சேர்த்தே கெடுத்தார்.

இடப்பெயர்வு பலரை அந்தக் கிணறுகளிலிருந்து பிரித்துவிட்டது. எனினும் நம்மிடம் இன்னொரு பங்குக் கிணறு உண்டு. அதுதான் சங்கத்தின் அறிவித்தற் கொப்பி. கிராம அபிவிருத்திச் சங்கமோ, கமக்கார அமைப்போ, மாதர் சங்கமோ, செய்தியை ஒரு கொப்பியில் எழுதி, வீடு வீடாக அனுப்பி, ஒப்பம் வாங்கும் வழக்கத்தை நாம் அறிவோம். ஓர் ஊர் மக்கள் நலன்புரி நிலையத்திலும் உறவினர் வீடுகளிலும் சிதறி வாழும்போது, அவர்களை ஓர் ஊராக வைத்திருப்பவற்றுள் இக்கொப்பியும் ஒன்று.

நாம் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். குழாயடியில் இரு குடும்பங்களுக்கிடையே எழுந்த சச்சரவை ஒருவர் கொப்பியில் எழுதினார். மற்றவர் அதற்கு மறுமொழி எழுதினார். மூன்றாமவர் நியாயம் சொல்ல வந்தார். நான்கு பக்கங்கள் நிரம்பின. அவற்றின் நடுவே, விதைநெல்லுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. சண்டையில் சலித்த பலர் வாசிக்காமலே ஒப்பம் வைத்தனர். மழை விழுந்தபோது சில குடும்பங்களிடம் விதைநெல் இல்லை. கடன்பட்டு வாங்கியோரும் உண்டு. கடன் கிடைக்காத ஒருவர் அந்தக் காலபோகம் முழுவதும் பிறர் வயலில் கூலிக்கு நின்றார். அவர் அந்தச் சச்சரவில் ஒரு சொல்லும் எழுதாதவர்.

யுத்த காலத்தில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கொண்டுசென்ற செய்தித் தாள்களைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அவை மூடப்படாத தாள்கள். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். அரசியலும் இராணுவ விடயமும் எழுதக்கூடாது. அந்தக் கட்டுப்பாடு இருந்தபடியாற்றான் பிரிந்த பிள்ளையின் சுகம் தாயிடம் வந்து சேர்ந்தது. பொது வழிக்கு ஒழுங்கு இருந்தால்தான் அது அடைபடாமல் இருக்கும்.

ஆகவே பின்வரும் முறைகளைச் சங்கங்கள் கூடிப் பேசிக் கைக்கொள்ளலாம்.

1. எழுதுமுன், ‘இது எல்லோருக்கும் வேண்டியதா?’ என்று கேட்போம். ஒருவருக்கு மட்டும் உரியதை அவரிடமே சொல்வோம். ஒருவரின் கடன், நோய், குடும்பத் துயரம் ஆகியன கொப்பியில் ஏறவே கூடாது.

2. ஒரு பதிவில் ஒரு விடயம் போதும். அதற்குத் தலைப்பு இடுவோம். உதாரணம்: “விதைநெல் விண்ணப்பம். கடைசி நாள்: வெள்ளி, பி.ப. 3 மணி. இடம்: கமநல சேவை நிலையம். கொண்டுவர வேண்டியது: அடையாள அட்டை. நேரில் கேட்டறிந்தவர்: செயலாளர், திங்கள்.” இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

3. ‘ஆம்’ ஒட்டிய செய்தியை எழுதாதிருப்போம். ‘காணி விடுகிறார்களாம்’, ‘நிவாரணம் கொடுக்கிறார்களாம்’ என்பவை தொலைபேசியில் வந்தாலும் சந்தையில் கேட்டாலும் ஒன்றே. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தோரின் காணிகள் 2009இன் பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. இப்படிக் காத்திருக்கும் முதியவர் ஒருவர் பொய்ச் செய்தியை நம்பிப் பஸ் ஏறி, வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது எத்தகைய வேதனை! கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரித்த பின்பே எழுதுவோம்.

4. பிழை நேர்ந்தால் பக்கத்தைக் கிழிக்காமல், ஒரு கோட்டால் வெட்டி, சரியானதை எழுதி ஒப்பமிடுவோம். திருத்தமும் பிழை சென்ற எல்லா வீடுகளுக்கும் செல்ல வேண்டும்.

5. கோபத்தை முகத்துக்கு முகம் பேசித் தீர்ப்போம். வாய்ச்சொல்லை அடுத்த நாள் மறக்கலாம். எழுத்தைப் பேரப்பிள்ளையும் வாசிப்பான்.

6. கொப்பியை வீட்டில் தேக்கி வைப்பது வாய்க்காலை மறிப்பதற்குச் சமம். வந்த அன்றே அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிய பின்பே ஒப்பம் வாங்குவோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இந்த ஒழுங்கைக் காட்டி அங்கத்தவரின் வாயை அடைக்க நிர்வாகத்தினர் முயலக்கூடாது. சங்கக் கணக்கைக் கேட்பது தனிப்பட்ட கோபம் அன்று. அது எல்லோருக்கும் உரிய கேள்வி. அது கொப்பியிலும் வரலாம், கூட்டத்திலும் வரலாம். அதற்குரிய பதிலும் எல்லோரும் காண அதே இடத்தில் வரவேண்டும்.

கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது பங்காளர் எல்லோரதும் கடமை. கொப்பியும் அப்படியே.

கலந்துரையாடலுக்கு:

அ) நமது சங்கத்தின் கடைசிப் பத்து அறிவித்தல்களில் எல்லோருக்கும் பயன்பட்டவை எத்தனை?

ஆ) செய்தி கடைசியாகச் சென்றடையும் வீடு எது? ஏன்?

இ) எழுதுமுன் செய்தியை விசாரித்து அறியும் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம்?