காலாண்டில் கணக்கு மார்க் குறைந்ததா? பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு 12 குறிப்புகள்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கைக்கு வந்ததும் கோட்டாறில் பல வீடுகளில் டியூஷன் தேடும் படலம் தொடங்கிவிடும். அதற்கு முன் பொதுத்தேர்வு வினாத்தாளின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுதவேண்டும். ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே. எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. மார்க் எந்தப் பகுதியில் போகிறது என்று தெரிந்தால், அதை வீட்டிலேயே பெருமளவு மீட்டுவிடலாம்.

1. திட்டுவதற்கு முன் விடைத்தாளைப் பிரித்துப் பாருங்கள். "மக்கா, எந்த எடத்துல மார்க்கு போச்சுன்னு பாப்போமா?" என்று பிள்ளையோடு உட்காருங்கள். தெரியாமல் விட்டது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாமல் விட்டது என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் போன மார்க்கைக் கூட்டுங்கள். எது அதிகமோ அதிலிருந்து தொடங்குங்கள்.

2. முதலில் 16 மதிப்பெண்ணைக் கைப்பற்றுங்கள். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் ஆகியவற்றின் படிகள் பெரிதாக மாறாதவை. தினமும் ஒன்று வரையட்டும். உதவிப்படமும் அளவுத்திட்டமும் விடுபடக்கூடாது. பென்சில் முனை கூர்மையாக இருக்கவேண்டும், காம்பஸ் ஆடக்கூடாது.

3. பாடநூலில் உள்ள எட்டு பாடங்களின் கடைசியிலும் ஒரு மதிப்பெண் வினாக்கள் இருக்கின்றன. அவற்றை விடையை மட்டும் மனப்பாடம் செய்யாமல், ஒருமுறை போட்டுப் பார்த்தே படிக்கவேண்டும். தேர்வில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதவேண்டும் என்பதை இப்போதே பழக்குங்கள். இந்த 14-ம் மேலே சொன்ன 16-ம் சேர்ந்தால் 30. தேர்ச்சிக்கு இன்னும் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு போதும்.

4. ஐந்து மதிப்பெண்ணுக்குப் படிநிலை மாறாத கணக்குகளை முதலில் பிடியுங்கள். பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம், திட்டவிலக்கம், நாற்கரத்தின் பரப்பு, தேல்ஸ் தேற்றம் ஆகியவை அப்படிப்பட்டவை. விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மார்க் உண்டு. தெரிந்தவரை எழுதாமல் எந்தக் கணக்கையும் விட்டுவிட வேண்டாம்.

5. 28, 42 ஆகிய எண்களில் வரும் வினாக்கள் கட்டாய வினாக்கள். அவற்றை விட்டால் வேறொன்றை எழுதி ஈடுகட்ட முடியாது. பயிற்சித் தேர்விலும் இந்த இரண்டையும் முயன்றே தீரவேண்டும் என்று வழக்கப்படுத்துங்கள்.

6. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் மார்க்கைக் கரைப்பது கழித்தல் குறி. −(x − 3) என்பது −x + 3. (2, −3), (−4, 5) புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு 8/−6, அதாவது −4/3. அடைப்புக்குறியை நீக்கும் வரியைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

7. பெருக்கல் வாய்ப்பாடு 20 வரை, வர்க்கங்கள் 25 வரை தடுமாறாமல் வரவேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். திட்டவிலக்கத்திலும் பிதாகரஸ் தேற்றத்திலும் இதன் பலன் தெரியும்.

8. கம்போளத்துக்குச் சாமான் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். சிறுபயறு கிலோ 120 ரூபாய் என்றால் 750 கிராம் எவ்வளவு, 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று போனை எடுக்காமல் சொல்லட்டும். பின்னமும் தசமமும் பயம் தெளிந்து வரும்.

9. சூத்திரங்களைச் சொந்தக் கையெழுத்தில் ஒரே தாளில் எழுதிப் படிக்கும் மேசைக்கு மேல் ஒட்டச் சொல்லுங்கள். உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம் ஆகியவற்றுக்குப் படமும் வேண்டும். விடையில் செ.மீ.², செ.மீ.³ என்ற அலகை எழுதும் பழக்கமும் கூடவே வரட்டும்.

10. தீர்வுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுவது கணக்குப் போடுவது ஆகாது. ஒருமுறை பார்த்தபின் மூடிவைத்துவிட்டுப் போடவேண்டும். தவறியதைத் தனி நோட்டில் குறித்து, மூன்று நாள் கழித்து மறுபடி போடவேண்டும். அந்த நோட்டுதான் தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டவேண்டியது.

11. சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்கி டிசம்பர் 3-இல் நிறைவடையும். அதைத் தொடர்ந்து அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். ஆகவே கொடியேற்றத்துக்கு முன் வடிவியலையும் வரைபடத்தையும் முடித்துவிடுங்கள். திருவிழா நாட்களில் பிள்ளையைப் பூட்டி வைக்க வேண்டாம். காலையில் அரைமணி நேரம் ஒரு மதிப்பெண் வினாக்கள் போதும்.

12. ஜனவரி முதல் ஞாயிறுதோறும் ஒரு பழைய வினாத்தாளை மூன்று மணி நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, படங்களுக்கு 30, சரிபார்க்க 15 எனப் பிரித்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கத் தனியாக 10 நிமிடம் தருவார்கள். எந்தப் பத்தை எழுதுவது என்று அந்த நேரத்தில் முடிவு செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "எனக்கும் கணக்குன்னா ஆவாது" என்று பிள்ளை காதில் விழும்படி சொல்லாதீர்கள்; முயற்சியைக் கைவிட அது ஒரு சாக்காகிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கோடு ஒப்பிடவும் வேண்டாம். போன தேர்வில் அவர்களே எடுத்ததோடு ஒப்பிடுங்கள். புரியாத பாடத்தைப் பள்ளி ஆசிரியரிடமே தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். பொதுத்தேர்வில் தவறினாலும் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு, ஆண்டு வீணாகாது. காலாண்டுக்கும் பொதுத்தேர்வுக்கும் இடையே ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் கணக்கில் மார்க் ஏறும். இன்றைக்கே விடைத்தாளை எடுத்து உட்காருங்கள்.