கலமென்சவ்வும் கருவாடும்: பொசுபோலிப்பிட்டு இருபடை

கலமென்சவ்வின் அமைப்புப் பற்றிய வினாவுக்கு "இரண்டு படைகளால் ஆனது" என்று மட்டும் எழுதினால் அது அரைவாசி விடையே. இரு படைகளிலும் இருப்பவை பொசுபோலிப்பிட்டு மூலக்கூறுகள்; அவை எந்தப் பக்கம் நோக்கி நிற்கின்றன என்பதையும் எழுத வேண்டும்.

இம்மூலக்கூறின் தலையில் பொசுபேற்றுக் கூட்டம் உண்டு; அது நீரை நாடும். கொழுப்பமிலங்களாலான இரு வால்களும் நீரை வெறுக்கும். கலத்தின் உள்ளேயும் வெளியேயும் நீரே உள்ளது. எனவே தலைகள் இருபுறமும் நீரை நோக்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். இவ்வடுக்கு தானாகவே உருவாகும். தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றர்தான். 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்போர் செங்குருதிக் கலங்களின் இலிப்பிட்டைப் பிரித்து நீர்ப்பரப்பில் ஒரு படையாகப் பரப்பினர். அது கலங்களின் மேற்பரப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இடம் பிடித்தது. இருபடை என்ற கருத்து இப்படித்தான் வந்தது. படையில் புரதங்கள் பதிந்திருப்பதைக் காட்டும் மாதிரியை 1972இல் சிங்கர், நிக்கல்சன் முன்வைத்தனர்.

சவர்க்காரக் குமிழியின் படலமும் இருபடையே. ஆனால் அது தலைகீழானது: நீர் நடுவில், வால்கள் வளியை நோக்கி. (ஒப்பிடும் வினாவுக்கு இது நல்ல உதாரணம்.)

ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் இருபடையை இலகுவில் கடக்கும். நீர் பெரும்பாலும் புரதக் கால்வாய்களூடாகச் செல்லும். சோடியம், குளோரைட்டு அயன்களுக்கோ நடுவிலுள்ள வால்கள் பெருந்தடை. பேசாலை, தலைமன்னார்க் கரைகளில் மீனைக் கீறி உப்பிட்டு வெயிலில் காயவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு வெளியே செறிந்திருக்க, மீனைப் பழுதாக்கும் பற்றீரியாக் கலங்களிலிருந்து பிரசாரணத்தால் நீர் வெளியேறும், முதலுரு சுருங்கும், பெருக்கம் நிற்கும். உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணங்கிகளும் உண்டு. சரியாகக் காயாத கருவாட்டில் சிலவேளை தோன்றும் செந்நிறம் அவற்றின் வேலை. அதனால் உப்பு மட்டும் போதாது, வெயிலும் வேண்டும்.

மாதிரி வினா: கருவாட்டில் பற்றீரியாக்கள் பெருகாமைக்குக் கலமென்சவ்வு எவ்வாறு காரணமாகிறது?

விடை: மென்சவ்வு தேர்ந்து புகவிடும் இயல்புடையது. உப்பின் அயன்கள் இலகுவில் உட்செல்லா. நீர், அதன் செறிவு கூடிய கலத்தினுள்ளிருந்து செறிவு குறைந்த வெளிப்புறத்துக்குச் செல்லும். நீரிழந்த கலம் தொழிற்படாது. ("உப்பு நீரை உறிஞ்சும்" என்று மட்டும் எழுதினால் மென்சவ்வு பற்றிய பகுதிக்கு விடையில்லை.)