கேபினெட்டுக்குள் வண்ண விளக்கு

கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்ட ஆசையா? வாங்கும் முன் மதர்போர்டில் அதற்கான பின்களை எண்ணிப் பாருங்கள். நான்கு பின் என்றால் 12 வோல்ட். ஸ்ட்ரிப் முழுக்க ஒரே நிறம்தான். நான்கில் ஒன்று இல்லாமல் மூன்று பின் இருந்தால் 5 வோல்ட். விளக்குக்கு ஒரு நிறம் காட்டும். 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட்டில் செருகினால் அது கருகிவிடும். (ஒன்றைக் காவு கொடுத்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.) இரண்டுமே இல்லாத பழைய போர்டா? சாட்டா பவர் வயரில் எரியும் ரிமோட் ஸ்ட்ரிப் போதும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தகட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து ஒட்டுங்கள். தூசி இருந்தால் சூட்டில் பசை விட்டு, ஸ்ட்ரிப் ஃபேனில் போய் விழும். கண்ணாடிப் பக்கத்து மேல் விளிம்பின் உட்புறம்தான் நல்ல இடம்: பல்பு தெரியாது, வெளிச்சம் மட்டும் வழியும்.