பிள்ளைகள் காட்சிப்பொருள் அல்ல

கேள்வி: பட்டம் முடித்த என் மகள், கம்போடியாவில் ஓர் அனாதை இல்லத்தில் ஒரு மாதம் சேவை செய்ய ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. 1979-இல் சர்வாதிகாரி போல் பாட்டின் கொடுங்கோல் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏராளம். இன்று இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். ஆனாலும் சுற்றுலா வளர்ந்த 2005–2010 காலத்தில் இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. காரணம் வறுமை மட்டுமல்ல, வெளிநாட்டார் தரும் நன்கொடையும்தான். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பி ஏழைகள் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். அங்கோர் கோயில் பார்க்க வந்தவர்கள் முன்னே அந்தப் பிள்ளைகள் நடனம் ஆடிக் காட்டுகிறார்கள். ஓர் அக்கா வருவாள், மடியில் வைத்துக் கொஞ்சுவாள், மாதக் கடைசியில் போய்விடுவாள், அடுத்து இன்னொருத்தி. பாசம் வைத்துப் பாசம் வைத்து அறுபடும் அந்த மனம் என்ன பாடுபடும்! 'சோறாவது கிடைக்கிறதே' என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பிள்ளையை இல்லத்தில் வளர்க்கும் செலவைவிடக் குறைவான தொகையில், அதன் குடும்பத்துக்குக் கைகொடுத்து வீட்டிலிருந்தே படிக்க வைக்கலாம். பிரிந்த பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் உள்ளூர் அமைப்புகள் அங்கேயே இருக்கின்றன. பயணச் செலவை அவற்றுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.