வேகம் குறைவு, பார்வை அதிகம்

கேள்வி: கால்பந்தில் கோல் போடுகிறவர்களைத்தான் கொண்டாடுகிறார்கள். நடுக்கள ஆட்டக்காரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

பதில்: இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோ. வேகம் கிடையாது, ஆஜானுபாகுவும் இல்லை. இன்டர் மிலானில் எடுபடாமல், 2001-இல் பழைய கிளப்பான பிரேஷியாவுக்கு இரவலாகப் போனார். வழக்கமாக அவர் ஆடும் இடத்தில் அங்கே ராபர்ட்டோ பாஜியோ! வேறு வழியின்றி பயிற்சியாளர் மாட்சோனே பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் மைதானமே கண்ணெதிரே. பிறகு ஏசி மிலானில் பயிற்சியாளர் அஞ்செலோட்டியும் அதே இடத்தைக் கொடுத்தார். 2003, 2007 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் வந்தன.

2006 உலகக் கோப்பை அரையிறுதியின் 119-வது நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். பெனால்ட்டி பகுதியின் விளிம்பில் பிர்லோவிடம் பந்து. அடிக்கப்போகிறார் என்று ஜெர்மானியர்கள் நெருங்க, வலப்பக்கமாக உருட்டிக்கொண்டே போகிறார். முகம் ஒரு பக்கம், பந்து இன்னொரு பக்கம். சக வீரர் கிரோஸோ கோல் அடித்துவிட்டு அலறிக்கொண்டு ஓடுகிறார். எனக்கென்னவோ அதில் முக்கால் கோல் பிர்லோவுடையதுதான்.

2011-இல், 32 வயதில், ஏசி மிலான் அவரை விட்டுவிட்டது. யுவென்டஸ் காசில்லாமல் அள்ளிக்கொண்டது. அடுத்த நான்கு சீசனும் லீக் பட்டம் அவர்களுக்கே. நியூயார்க்கில் ஆடி 2017-இல் ஓய்வு. பின்னர் யுவென்டஸுக்கே பயிற்சியாளரானார். இத்தாலியக் கோப்பையை வென்றும் ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள்.