சிறுநீர் குறைந்தால் அலட்சியம் வேண்டாம்

கேள்வி: வயிற்றுப்போக்கில் படுத்த அப்பாவுக்கு (64) திடீரென்று சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்கிறார்கள். ஆயுள் முழுக்க டயாலிசிஸ்தானா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். உடம்பில் நீர் வற்றி, மேலுக்கு வலி என்று டைக்ளோஃபெனாக்கும் விழுங்கி, வழக்கமான பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் இப்படி ஆவதுண்டு. எனாலப்ரில், டெல்மிசார்டன் போன்ற பி.பி. மாத்திரைகள் எல்லாம் நல்ல மருந்துகள்தாம்; ஆனால் வயிற்றுப்போக்கு நாளில் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். (வலி மாத்திரையைத்தான் நம் ஊரில் யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை!)

70 கிலோ எடை உள்ளவருக்கு 6 மணி நேரத்தில் 200 மில்லி சிறுநீர்கூடப் பிரியவில்லை என்றாலே ஆபத்து. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 48 மணி நேரத்தில் 0.3 மி.கி. ஏறினாலும் அப்படித்தான், ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றிருந்தாலும் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். இந்த வயதில் புராஸ்டேட் அடைப்பு உண்டா என்று ஸ்கேனும் தேவை.

நீர் வற்றியதுதான் காரணமென்றால் டிரிப்ஸிலேயே பலருக்குச் சரியாகும். ரத்தத்தில் ஏறிய பொட்டாசியம் மருந்துக்கு அடங்காவிட்டாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ டயாலிசிஸ். பலருக்கு அது சில வாரங்களுக்குத்தான். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் இளநீரை மட்டும் கொடுக்காதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது ஏறினால் இதயமே நின்றுவிடலாம். வீடு திரும்பி 3 மாதம் கழித்து கிரியாட்டினினை மறுபடி பாருங்கள்.